முதலில் பொந்து, பிறகு மீன்: பவளம் வளர்க்கும் சின்ன ரீஃப் தொட்டிக்கு மீன் தேர்வு

எந்த மீன் எதோடு சேரும் என்று சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்கள் போட்ட அட்டவணை ஒன்று, உப்புநீர் மீன் வளர்க்கத் தொடங்கும் எல்லோர் கைக்கும் முதல் வாரமே வந்துவிடும். அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் அது தொட்டியின் அளவைக் கணக்கில் எடுப்பதில்லை. 400 லிட்டரில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் வாழும் இரண்டு மீன்களை 100 லிட்டரில் விட்டால், பல சமயம் சில வாரத்தில் ஒன்றுதான் மிஞ்சும். அட்டவணையில் இரண்டுக்கும் பச்சைக் கட்டம்தான் இருந்திருக்கும்.

கப்பி, மோலி, டெட்ரா வளர்த்துப் பழகியவர்களுக்கு இது புரிபட நாளாகும். அவை திறந்த நீரில் கூட்டமாகத் திரிபவை. தொட்டி எவ்வளவு கழிவைத் தாங்கும் என்று பார்த்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகலாம். பவளத் திட்டுகளில் வாழும் சின்ன மீன்களில் பெரும்பாலானவை வேறு மாதிரி. ஒரு பொந்து, ஒரு பாறை விளிம்பு, உள்ளங்கை அகல மணல் என்று ஏதோ ஒன்றைத் தன்னுடையதாக்கிக்கொண்டு அதைச் சுற்றியே வாழும். கடலில் தோற்ற மீன் பத்து அடி தள்ளிப் போய்விடும். 90 சென்டிமீட்டர் தொட்டியில் அதற்குப் போக்கிடம் கிடையாது. துரத்துவது ஓயாது, துரத்தப்படுவது சாப்பிடாது, கொஞ்ச நாளில் உடம்பில் வெள்ளைப்புள்ளி வரும். கடைசியில் நோயில் செத்தது என்று எழுதிவைப்போம்.

ஆகவே கடைக்குப் போகும் முன் தொட்டியின் எதிரே உட்கார்ந்து இடங்களை எண்ண வேண்டும். 90×35×40 சென்டிமீட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி 126 லிட்டர். மணலும் பாறையும் போட்டு, விளிம்பில் நான்கு விரல் விட்டு நிரப்பினால் உண்மையான தண்ணீர் 100 லிட்டருக்குப் பக்கம். இதில் பொதுவாக நான்கு இடம் கிடைக்கும்: பாறைக்கு அடியில் மணலில் ஒரு வளை, பாறை நிழலில் ஒரு குகை, பாறைக்கு மேலே திறந்த நீர், ஓரமாக ஒரு மூலை. பாறையின் மேற்பகுதியில் விரல் நுழையும் ஓட்டைகள் இருந்தால் ஐந்தாவதாக ஒன்று. இடத்துக்கு ஒரு மீன், கோமாளி மீனுக்கு மட்டும் ஜோடி. அப்படிப் பார்த்தால் ஐந்து மீன், மிஞ்சிப்போனால் ஆறு. 60 லிட்டர் தொட்டி என்றால் மூன்று. அங்குலத்துக்கு இத்தனை லிட்டர் என்ற பழைய கணக்கு இங்கே எதற்கும் உதவாது.

புதிதாக ஒரு மீன் மேல் ஆசை வந்தால், உள்ளே இருப்பவை ஒவ்வொன்றோடும் நான்கு விஷயத்தில் ஒப்பிடுங்கள்: தங்கும் இடம், உடல் வடிவம், நிறம், தீனி. ரீஃப் மீன் தன்னைப் போல இருப்பதைத்தான் முதல் எதிரியாகப் பார்க்கும். ஒன்று ஒத்துப்போனால் சமாளிக்கலாம். இரண்டு ஒத்துப்போனால் வேண்டாம்.

பாறை அடுக்குவதிலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்

பின் கண்ணாடியில் சாய்த்து ஒரே சுவராகப் பாறை அடுக்குவது பார்க்க நிறைவாக இருக்கும். மீனுக்கு அது மோசமான வீடு. ஒரு முனையில் நிற்கும் மீன் மறுமுனை வரை எல்லாவற்றையும் பார்க்கும், பார்த்தால் துரத்தும். பத்துப் பன்னிரண்டு கிலோ பாறையை இரண்டு குவியலாகப் பிரித்து, நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒரு குவியலில் இருந்து பார்த்தால் மற்றதன் பின்புறம் தெரியக் கூடாது. ஒவ்வொரு குவியலிலும் இரண்டு பக்கமும் திறந்த பொந்து இரண்டாவது வேண்டும். ஒரே வாசல் உள்ள பொந்தில் மாட்டிக்கொண்ட மீன் தப்ப முடியாது. கண்ணாடிக்கும் பாறைக்கும் இடையில் எட்டு சென்டிமீட்டர் விட்டால் கண்ணாடியில் பாசி சுரண்டும் காந்த ஸ்கிரேப்பர் போய்வரும்.

பாறையை மணலின் மேல் வைக்கக் கூடாது. முதலில் அடிக்கண்ணாடியில் பாறையை உட்கார வைத்து, அசைத்துப் பார்த்து, தேவையான இடத்தில் எப்பாக்ஸி பசை போட்டு, அதன் பிறகுதான் மணல். வளை தோண்டும் கோபி மீனும் பிஸ்டல் இறாலும் ஒரே இரவில் கைப்பிடி கைப்பிடியாக மணலை வெளியே தள்ளும். மணலின் மேல் நிற்கும் பாறை சரிந்தால் மீன் நசுங்கும், சில சமயம் கண்ணாடியும் போகும். மணல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போதும். அதில் அரை சென்டிமீட்டர் முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரையிலான உடைந்த சிப்பித் துண்டுகளை ஒரு கைப்பிடி கலந்துவிட்டால் இறால் அவற்றை வைத்துத் தன் வளைக்குக் கூரை போட்டுக்கொள்ளும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கல்பவளங்களும் கடல்குதிரைகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மன்னார் வளைகுடாவில் இருந்து வந்த லைவ் ராக் (உயிர்கள் குடியேறிய கடல்பாறை) என்று யாராவது சொன்னால் விலை கேட்காமல் நகர்ந்துவிடுங்கள். செராமிக், சிமென்ட் பாறைகளே போதும். கழிவை முறிக்கும் பாக்டீரியா பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகும், அவ்வளவுதான்.

அந்த பாக்டீரியாவை வளர்ப்பதற்காக டாம்செல் மீன் வாங்கி விடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. மலிவு, சாகாது என்று கடையில் தள்ளிவிடுவார்கள். சாகாதுதான். ஆறு வாரம் தனியாகத் தொட்டி முழுவதையும் ஆண்டுவிட்டு, பிறகு வருகிற ஒவ்வொன்றையும் கிழிக்கும். மீன் இல்லாமல் அம்மோனியம் குளோரைடு கரைத்து 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா ஏற்றி, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்கும் நிலை வரும் வரை காத்திருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

கோமாளி மீன்: எல்லோருக்கும் வேண்டும், பாதிப் பேர் தப்பாக வாங்குவார்கள்

வாங்க வேண்டியது ஒசெல்லாரிஸ் வகை. பெண் எட்டு ஒன்பது சென்டிமீட்டர், ஆண் அதைவிடச் சிறிது. பெர்குலாவும் பரவாயில்லை, கொஞ்சம் முரடு. ஸ்னோஃப்ளேக், டார்வின் கருப்பு என்று விலை ஏற்றி விற்கும் பலவும் ஒசெல்லாரிஸ்தான். அவற்றைச் சாதாரண ஆரஞ்சு மீனோடு ஜோடி சேர்க்கலாம்.

சென்னைக் கடைகளில் 'கிளவுன்' என்று மட்டும் சொல்லி விற்கப்படும் குட்டியைக் கவனமாகப் பாருங்கள். நம் கடல் பக்கத்து செபே, கிளார்க்கி இரண்டும் குட்டியாக மூன்று சென்டிமீட்டரில் அழகாக நிற்கும். வளர்ந்தால் 14, 15 சென்டிமீட்டர். கருப்பு கலந்த பழுப்பு உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால் என்றால் செபே. கன்னத்தில் முள் தெரிந்தால் மெரூன் வகை. டொமேட்டோ என்ற வகையின் குட்டிக்கு இரண்டு மூன்று பட்டை இருக்கும், வளர்ந்ததும் ஒன்றுதான் நிற்கும். இந்த நான்கில் எதுவும் 100 லிட்டரில் மற்ற மீன்களை நிம்மதியாக இருக்க விடாது. தொட்டியில் பிறந்த குட்டியாகப் பார்த்து வாங்குவது எப்போதும் நல்லது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் குஞ்சு பொரிப்பைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டன. கடலில் பிடித்த கோமாளியோடு புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி வர வாய்ப்பு அதிகம். தோல் சளி போல உரிந்து இரண்டொரு நாளில் ஆள் காலி.

கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆண். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், மாறியது திரும்பாது. இதனால் ஜோடி சேர்க்க இரண்டே வழி. இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் குட்டி இரண்டை ஒன்றாக வாங்கலாம். தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும். அல்லது ஏற்கெனவே உள்ள பெரியதோடு, அதில் பாதி அளவே உள்ள குட்டி ஒன்றைச் சேர்க்கலாம். சம அளவில் வளர்ந்த இரண்டை விட்டால் இரண்டும் பெண்ணாக இருக்கலாம். ஒன்று சாகும் வரை விடாது. சின்னது பெரியதன் முன் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை உதறினால் பயப்பட வேண்டாம், அது பணிவு. வாயோடு வாய் கவ்வி இழுத்தால் உடனே பிரிக்க வேண்டும். மூன்று வாங்கினால் கூட்டமாக இருக்குமே என்று கேட்பவர்கள் நிறைய. மூன்றாவதுக்கு அந்த ஜோடியில் இடம் கிடையாது.

பலர் எதிர்பார்க்காத ஒன்று ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து நடக்கும். அதுவரை சாதுவாக இருந்த ஜோடி முட்டை வைக்கத் தொடங்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வைக்கும், பொரிய எட்டு நாள் பக்கம் ஆகும். ஆக, பாதி நாள் காவல்தான். முட்டையைச் சுற்றி ஒரு அடிக்குள் வரும் எதையும் பெண் கடிக்கும், உங்கள் கை உட்பட. 60 சென்டிமீட்டர் தொட்டியில் இது பாதித் தொட்டி. நடுவில் முட்டை வைத்துவிட்டால் முழுத் தொட்டியும் போச்சு. வாங்கிய நாளில் இருந்த பொருத்தம் அன்றோடு முடிந்துவிடும்.

இதை முன்கூட்டியே திருப்பிவிடலாம். கோமாளி இரவில் எங்கே உறங்குகிறதோ அதன் பக்கத்தில்தான் பின்னாளில் முட்டை வைக்கும். முதல் மாதத்திலேயே விளக்கு அணைந்த பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு முனையில் உறங்கினால் நல்லது. அங்கே சாயம் பூசாத சின்ன மண் தொட்டியையோ ஒரு டைல் துண்டையோ சாய்த்து வைத்துவிடுங்கள். நடுவில் ஏதாவது பவளத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பவளத்தை நாளுக்கு ஒரு சாண் வீதம் ஓரத்துக்கு நகர்த்தினால் ஜோடியும் கூடவே நகரும்.

கோமாளி கடலில் ஒண்டி வாழும் அனிமோன் (கடல் சாமந்தி) தேவையில்லை. பபிள் டிப் அனிமோன் ஒரு அடி அகலம் வளரும், நினைத்த இடத்துக்கு நடந்து போகும், வழியில் தொட்ட பவளத்தை எரிக்கும், நீரோட்டம் தரும் பவர்ஹெட்டில் சிக்கினால் சின்னத் தொட்டி முழுவதையும் கெடுக்கும். கோமாளிக்கு டோட்ஸ்டூல் லெதர் என்ற மென்பவளம் ஒன்று போதும். டார்ச், ஹேமர் பவளங்களில் படுத்து உருளத் தொடங்கினால் அந்தப் பவளம் சுருங்கிவிடும். அங்கே ஒரு கண் இருக்கட்டும்.

குகைக்கு, நீருக்கு, மணலுக்கு

குகைக்கு ராயல் கிராமா. கரீபியன் மீன், எட்டு சென்டிமீட்டர், பாறைக் கூரையின் அடியில் தலைகீழாக மிதக்கும். நோய் என்று நினைத்துவிடாதீர்கள். யாராவது குகைக்கு வந்தால் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டும், பெரும்பாலும் அதோடு சரி. ஒரு தொட்டிக்கு ஒன்று. இதைப் போலவே ஊதாவும் மஞ்சளுமாக இன்னொரு மீன் பாதி விலையில் கிடைக்கும்: பைகலர் டாட்டிபேக். அது வேறு பிறவி, தொட்டியில் உள்ள சின்ன மீன்களையும் சின்ன இறால்களையும் ஒரு கை பார்க்கும். வித்தியாசம் காண்பது எளிது. கிராமாவில் ஊதா மஞ்சளாக மாறும் இடம் புள்ளி புள்ளியாகக் கலந்திருக்கும், கண் வழியாக ஒரு கோடு ஓடும், முதுகுத் துடுப்பின் முன்புறம் கருப்புப் பொட்டு இருக்கும். டாட்டிபேக்கில் இரண்டு நிறமும் கத்தியால் வெட்டியது போல நேராகப் பிரியும், பொட்டு இருக்காது. டாட்டிபேக்கே வேண்டும் என்றால் செங்கடலைச் சேர்ந்த ஆர்க்கிட் டாட்டிபேக், தொட்டியில் பிறந்ததாக. கிராமாவோடு சேர்த்து வேண்டாம். இரண்டும் ஒரே குகையைத்தான் கேட்கும்.

திறந்த நீருக்கு ஃபயர்ஃபிஷ். யாரையும் தொந்தரவு செய்யாது, ஆனால் தன் இனத்தோடு மட்டும் ஒத்துவராது. உறுதியான ஜோடி இல்லை என்றால் ஒன்றே ஒன்று. பயந்தால் பொந்துக்குள் பாயும், பொந்து தெரியாவிட்டால் மேலே பாயும். ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை மூடி இல்லாமல் இதை வாங்காதீர்கள். வயர் போகும் மூலையில் ஒரு விரல் சந்து இருந்தாலும் அதைக் கண்டுபிடித்து வெளியே விழும். கிராமாவின் குகை ஒரு குவியலில் என்றால் ஃபயர்ஃபிஷின் பொந்து மற்றதில் அமைய வேண்டும். அதனால் இதை முதலில் விட்டு, இடம் பிடிக்க விட்டுவிடுங்கள்.

மணலுக்கு மஞ்சள் வாட்ச்மேன் கோபியும் பிஸ்டல் இறாலும். சின்னத் தொட்டியில் பார்க்கக் கிடைக்கும் வேடிக்கைகளில் இதற்கு இணை இல்லை. கண் மங்கிய இறால் வளை தோண்டும். ஒரு மீசை எப்போதும் கோபியின் உடம்பில் பட்டபடி இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே போய்விடும். ராண்டல் பிஸ்டல், டைகர் பிஸ்டல் இரண்டும் ஏற்றவை. கோபியையும் இறாலையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் விட்டால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்; ஒரு குழாய்த் துண்டில் இறாலை இறக்கி, அதே பாறையடியில் கோபியை விடுங்கள். பத்து நாள் வெளியே தெரியாமல் போனாலும் பாறையைத் தூக்கித் தேடாதீர்கள். வெளியே தள்ளும் மணல் பக்கத்துப் பவளத்தின் மேல் விழும். அடித்தளத்தில் ஸோவா, பிரெய்ன் பவளங்களை ஒரு முனையில் மட்டும் வையுங்கள்.

மேல் ஓட்டைகளுக்கு டெயில்ஸ்பாட் பிளெனி. ஆறு சென்டிமீட்டர்தான், பாசியும் நோரி என்ற உலர் கடற்பாசியும் தின்னும். லான்மோவர் பிளெனி என்று பெரியதாக ஒன்று கிடைக்கும்; அதற்குச் சின்னத் தொட்டியின் பாசி இரண்டு மாதத்துக்குக் காணாது, வயிறு ஒட்டிச் சாகும்.

இந்தப் பட்டியலில் சிலவற்றை மாற்றிக்கொள்ளலாம். கோமாளியே வேண்டாம் என்பவர்களுக்கு உறுதியான ஜோடி பாங்காய் கார்டினல் நல்ல தேர்வு, அல்லது ஒன்று. ஐந்தாறு சேர்த்து விட்டால் ஜோடி சேர்ந்த இரண்டு மற்றவற்றைத் தீர்த்துவிடும். சுலவேசிக்குக் கிழக்கே உள்ள பாங்காய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழும் இந்த மீன் 2007 முதல் அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது. தொட்டியில் பிறந்தது கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். ராஸ் வகை மீன் வேண்டும் என்றால் பாஸம் (possum) ராஸ். சிக்ஸ்லைன் ராஸ் வேண்டாம்: குட்டியாக இருக்கையில் துறுதுறுப்பு, ஓராண்டில் தெருச்சண்டைக்காரன். 40 லிட்டர் தொட்டிக்காரர்கள் இவற்றையெல்லாம் மறந்துவிட்டு ஒரு ஜோடி நியான் கோபியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவே நன்றாக இருக்கும்.

கடைக்காரர் காட்டினாலும் திரும்பி வர வேண்டியவை

ப்ளூ டாங் ஒரு அடி வளரும். மஞ்சள் டாங்குக்கும் நீந்த நீளம் வேண்டும். மேண்டரின் உலகத்திலேயே அழகான மீன்களில் ஒன்று, சின்னத் தொட்டியில் அதிகம் பட்டினியில் சாவதும் அதுதான். நாள் முழுக்கக் கோபிபாட் என்ற மிகச் சின்ன ஓட்டுயிரிகளைக் கொத்தித் தின்பதற்கு 100 லிட்டர் பாறையில் இருப்பு கிடையாது. உறைந்த தீனி தின்பதைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள், பார்த்தாலும் யோசியுங்கள். கிளீனர் ராஸ் மற்ற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணியையும் சளியையும் தின்று வாழ்வது. ஐந்து மீனின் உடம்பு அதற்கு எந்த மூலைக்கு? அந்த வேலையைக் கிளீனர் இறால் ஓரளவு பார்க்கும். கோரல் பியூட்டி போன்ற குட்டி ஏஞ்சல்கள் ஆறு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு ஒரு நாள் ஸோவாவைக் கொத்தத் தொடங்கும். பச்சை குரோமிஸை ஏழு வாங்கினால் மாதத்துக்கு ஒன்று குறையும். டைமண்ட் கோபி மணலை வாயில் அள்ளிப் பாறை உயரத்தில் இருந்து பவளத்தின் மேல் கொட்டும். வண்ணத்துப்பூச்சி மீன், சிங்கமீன், பேத்தை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மீன் அல்லாதவற்றில் ஒரு ஏமாற்று: தொட்டியில் களையாகப் பரவும் ஏயிப்டேசியா அனிமோனைத் தின்பதற்காக பெப்பர்மின்ட் இறால் கேட்டால் கேமல் இறாலைக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளைக் கோடுகள் அழுத்தமாகத் தெரிந்து, முதுகு கூனியிருந்தால் அது கேமல். ஸோவாவையும் மஷ்ரூம் பவளத்தையும் தின்னும்.

வரிசை, உப்பு, தனிமை

விடும் வரிசையில் கூச்சக்காரன் முதலில், முரடன் கடைசியில். நம் பட்டியலுக்கு: ஃபயர்ஃபிஷும் கோபியும் முதலில், மூன்று நான்கு வாரம் கழித்து பிளெனி அல்லது கிராமா, கடைசியில் கோமாளி ஜோடி. ஆசை காரணமாக எல்லோரும் கோமாளியைத்தான் முதலில் விடுகிறார்கள். இடைவெளி மீனுக்காக மட்டும் இல்லை, கூடுதல் அம்மோனியாவைத் தின்ன பாக்டீரியா பெருகவும் அவ்வளவு நாள் வேண்டும்.

ஒவ்வொரு மீனும் முதலில் 40 லிட்டர் தனித்தொட்டியில் 30 நாள் இருக்கட்டும். ஒளிந்துகொள்ள பிவிசி எல்போ நான்கு, ஹீட்டர், சம்ப்பில் (ரீஃப் தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) ஒரு மாதம் ஊறவைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். மணலும் பாறையும் கூடாது, ஒட்டுண்ணிக்கு மருந்தாகப் போடும் காப்பரை அவை உறிஞ்சும். சீலேட்டட் காப்பர் 2.25 முதல் 2.5 பிபிஎம் வரை, ஹன்னா செக்கர் என்ற அளவுகருவியில் அளந்து, இரண்டு நாளில் படிப்படியாக ஏற்றி, பிறகு 30 நாள் இறங்காமல் வைக்க வேண்டும். இடையில் ஒரு நாள் அளவு குறைந்தால் நாளை முதலில் இருந்து எண்ணுங்கள். ரீஃப் தொட்டிக்குள் காப்பர் ஒரு சொட்டும் போகக் கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். அதனாலேயே வெள்ளைப்புள்ளி உள்ளே நுழைந்துவிட்டால் மீன் அத்தனையையும் பிடித்து வெளியே எடுத்து, தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் விட வேண்டிவரும். ஒரு மாதப் பொறுமை அதைவிட மலிவு.

கடைகளில் பெரும்பாலும் உப்பைக் குறைத்து 1.018, 1.020 (நீரின் ஒப்படர்த்தி) என்று வைத்திருப்பார்கள். நம் தொட்டி 1.025. உப்பு குறைந்த நீருக்கு மீன் சட்டென்று பழகும், கூடிய நீருக்குப் பழகாது. அதனால் தனித்தொட்டியின் உப்பைக் கடைத் தண்ணீருக்குச் சமமாக முன்பே குறைத்துவைத்து, நாளுக்கு 0.002க்கு மேல் போகாமல் ஏற்றிக்கொண்டு வாருங்கள். பார்சலில் பல மணி நேரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது ஆபத்து. பை மூடியிருக்கும்போது கரியமில வாயுவால் பிஹெச் இறங்கி, அம்மோனியா விஷம் குறைந்த வடிவில் கிடக்கும். திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏற, அதே அம்மோனியா செவுளை எரிக்கும். பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, திறந்த கையோடு மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள்.

ரீஃப் தொட்டிக்கு மாற்றும் நாளில் விளக்கை அணைத்து, உள்ளே இருப்பவற்றுக்கு வயிறாரத் தீனி போட்டு, புதியவனைத் துளையிட்ட அக்கிரிலிக் பெட்டியில் இரண்டு மூன்று நாள் தொங்கவிடுங்கள். யார் பெட்டியைச் சுற்றிச் சுற்றி முட்டுகிறான் என்பது அதற்குள் தெரிந்துவிடும். மூன்றாம் நாளும் முட்டுதல் குறையவில்லை என்றால் திறக்காதீர்கள்.

வாங்கும்போது கடைக்காரரிடம் தீனி போட்டுக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். தலைக்குப் பின்னால் சதை குழிந்திருப்பது, வயிறு உள்வாங்கியிருப்பது, ஒரு செவுள் மட்டும் அசைவது, பவர்ஹெட் முன்னால் மூச்சு வாங்கி நிற்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

தீனியும் வெயிலும்

சண்டை வராத தொட்டியிலும் ஒரு மீன் மெலிந்துகொண்டே போகலாம். கோமாளி மேலே நின்று எல்லாவற்றையும் விழுங்கும். ஃபயர்ஃபிஷும் கோபியும் வருவதற்குள் முடிந்திருக்கும். மைசிஸ் என்ற உறைந்த குட்டி இறால் தீனியைச் சின்ன வலையில் ஆர்ஓ தண்ணீரில் அலசி, முதலில் ஒரு முனையில் கோமாளிக்குக் கொஞ்சம் போட்டு, அவை தின்றுகொண்டிருக்கும்போதே நீண்ட பிப்பெட்டால் மறுமுனையில் மற்றவற்றுக்கு விடுங்கள். நாளுக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு.

சென்னை, மதுரை வெயிலில் ஏப்ரல், மே மாதம் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போகும். இலக்கு 25, 26. சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். குளிர்ந்த நீரில் பொறுத்துப்போன மீன்களே அப்போது எரிந்து விழும். சின்ன ஃபேன் இரண்டு டிகிரி குறைக்கும், பதிலுக்கு நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் ஆவியாகும். அதை ஆர்ஓ தண்ணீரால் தானாக நிரப்பும் டாப் ஆஃப் கருவி இல்லாமல் ஃபேன் மட்டும் வைத்தால் உப்பு ஏறிவிடும். அதற்கு மேல் சில்லர்தான். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். இந்தச் செலவெல்லாம் கைக்கு வராது என்றால் ஐந்து மீனை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை வந்துவிட்டால்

புதிய மீனைக் கொஞ்ச தூரம் துரத்தி விட்டுவிட்டுத் திரும்பினால் அது எல்லை காட்டுவது. முதல் மூன்று நாள் சகஜம். தொட்டி முழுக்கப் பின்தொடர்ந்து, பொந்தின் வாசலில் காத்து நின்றால் அது வேறு. துடுப்பு கிழிவது, மேல்மூலையில் அல்லது நீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ சீப்புக்குப் பின்னால் ஒண்டி நிற்பது, இரண்டு வேளை தீனிக்கு வராதது ஆகியவை தெரிந்தால் அன்றே தலையிட வேண்டும்.

எல்லோரும் அடிபட்டதைத்தான் பிரித்தெடுப்பார்கள். பிரிக்க வேண்டியது அடித்தவனை. அதை அக்கிரிலிக் பெட்டியிலோ தனித்தொட்டியிலோ ஏழு முதல் பத்து நாள் வைத்தால், திரும்பும்போது அதுதான் புது வரவு. அதற்குள் மேல்பாறை இரண்டை இடம் மாற்றிவிட்டால் பழைய எல்லையும் இருக்காது. கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அடிப்பவனைத் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்ட விடுவதும் ஓரிரு நாளுக்கு உதவும்.

வலையோடு துரத்தினால் பிடிக்க முடியாது, பாறைதான் சரியும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பாட்டிலுக்குள்ளேயே செருகுங்கள். விளிம்பில் நான்கு இடம் ஓட்டை போட்டு மீன் தூண்டில் நரம்பால் கட்டிவிடுங்கள். பாட்டிலின் பக்கத்தில் சூடான கம்பியால் பத்துப் பதினைந்து துளை. ஒரு நாள் தீனி போடாமல், உள்ளே ஒரு துண்டு இறாலை வைத்து, வாய்ப்பகுதி பாறையைப் பார்க்க மணலில் படுக்க வையுங்கள். பொதுவாக முதலில் நுழைவது முரடன்தான். கூடவே கிளீனர் இறாலும் போய்விடும், அதை மெல்லத் தட்டி வெளியே விட்டுவிட்டு பாட்டிலைத் தண்ணீரோடு தூக்குங்கள். இதற்கும் மசியாத மீன், விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தன் பொந்தில் அரைத்தூக்கத்தில் இருக்கும். சிவப்பு வெளிச்சத்தில் ஒரு ஆள் வலையை வாசலில் பிடிக்க, இன்னொருவர் பின்வாசலில் பிப்பெட்டால் தண்ணீர் பீய்ச்சினால் வலைக்குள் வந்துவிடும்.

பத்து நாள் கழித்து விட்டும் அதே நாளில் மறுபடி தொடங்கினால் மூன்றாவது வாய்ப்பு கொடுக்காமல் கடைக்கே திருப்பிவிடுங்கள். திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பதை வாங்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பாதி விலைக்குக்கூட எடுக்க மாட்டார்கள், சும்மா எடுத்துக்கொண்டாலே போதும்.